ஜெஃப் ஹேனமனும் த்ராஷ் ரிஃபும்: ஓர் எளிய அறிமுகம்

1986ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று அமெரிக்காவில் வெளியான ‘ரெயின் இன் பிளட்’ என்னும் இசைத்தட்டில் பத்துப் பாடல்கள் இருக்கின்றன. பத்தையும் கேட்டு முடிக்க ஏறத்தாழ 29 நிமிடங்கள் போதும். ஒரு ராக் இசைத்தட்டு நாற்பது நிமிடமாவது ஓடும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலத்தில், அதை வெளியிட்ட ஸ்லேயர் குழுவினர் நீளத்தைக் கூட்டுவதற்காக ஒரு பல்லவியைக்கூடக் கூடுதலாகப் பாடவில்லை. அந்த இசைத்தட்டைத் தொடங்கிவைக்கும் பாடலுக்கும் முடித்துவைக்கும் பாடலுக்கும் இசையமைத்தவர் ஜெஃப் ஹேனமன். குழுவின் இரண்டு கிட்டார் கலைஞர்களில் ஒருவரான அவர் மேடையில் அதிகம் பேசாதவர், நேர்காணல்களில் பெரும்பாலும் மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றவர்.

ஸ்லேயர் வாசித்த த்ராஷ் மெட்டல் என்ற இசைவகையை முதன்முறையாகக் கேட்பவருக்கு அது ஒரே இரைச்சலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த இரைச்சலுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஹேனமனின் இசைவாழ்வின் வழியாக விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். விரல்வேகத்திலும் நுட்பத்திலும் அவரைவிடத் தேர்ந்த கிட்டார் கலைஞர்கள் த்ராஷ் உலகில் பலர் உண்டு. ஆனால் அவர்களுடைய திறமையில் கவனம் சென்றுவிட்டால், இந்த இசை எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பது கண்ணில் படாமல் போய்விடும். ஹேனமனிடம் அந்தத் தொல்லை இல்லை. அவருடைய பலம் முழுவதும் ரிஃப் என்ற ஒற்றைக் கூறில் குவிந்திருந்தது.

ரிஃப் என்பது என்ன?

நாம் பழகிய திரைப்பாடலில் பாட்டு என்பது பாடகரின் குரலில் இருக்கிறது. கருவிகளை எல்லாம் நிறுத்திவிட்டாலும் பல்லவியை முணுமுணுத்தால் அது எந்தப் பாடல் என்று தெரிந்துவிடும். த்ராஷ் மெட்டலில் நிலைமை தலைகீழ். அங்கே குரலை நீக்கிவிட்டாலும் பாடல் அப்படியே நிற்கும், கிட்டாரை நீக்கினால் எதுவும் மிஞ்சாது. கிட்டாரில் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும், சில நொடிகளே நீளமுள்ள ஒரு சொற்றொடரைத்தான் ரிஃப் என்கிறார்கள். ஒரு த்ராஷ் பாடல் என்பது இத்தகைய ஐந்தாறு ரிஃபுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. குரல் அதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறது.

இந்த ரிஃப் எந்தச் சுரங்களால் ஆனது என்பதைப் புரிந்துகொள்ள நமக்குத் தம்புரா உதவும். தம்புராவின் தந்திகள் பொதுவாகச் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் சுருதி சேர்க்கப்படுகின்றன. மெட்டல் கிட்டாரின் அடிப்படை அலகான பவர் கார்டும் இதே இரண்டு சுரங்கள்தாம்: ஒரு சுரமும் அதற்குப் பஞ்சமமான சுரமும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. வழக்கமான கார்டுகளில் இவற்றோடு சேர்ந்து வரும் காந்தாரத்தை விட்டுவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. மின்கிட்டாரின் ஒலியை ஆம்ப்ளிஃபயரில் அளவுக்கு மீறிப் பெருக்கிச் சிதைக்கும்போது, அதாவது டிஸ்டார்ஷன் சேர்க்கும்போது, ஒவ்வொரு சுரமும் தன்னோடு பல துணைச் சுரங்களை இழுத்துக்கொண்டு வருகிறது. எளிய உறவுடைய சட்ஜமும் பஞ்சமமும் அந்தச் சிதைவைத் தாங்கிக்கொண்டு ஒன்றாக ஒலிக்கும். காந்தாரம் சேர்ந்தால் கலங்கிவிடும். காந்தாரம் இல்லாததால் அந்த ஒலி மகிழ்ச்சியா சோகமா என்று சொல்ல முடியாத ஒரு வெறுமையோடு இருக்கிறது. ஹேனமன் தம் வாழ்நாள் முழுவதும் இந்த வெறுமையைத்தான் பயன்படுத்திக்கொண்டார்.

அடுத்தது வலக்கையின் வேலை. வீணையில் நாம் குதிரை என்று சொல்லும் உறுப்பு கிட்டாரிலும் உண்டு. வலது உள்ளங்கையின் விளிம்பை அந்தக் குதிரையின் அருகே கம்பிகள்மீது லேசாக வைத்தபடி மீட்டினால், ஒலி நீண்டு ஒலிக்காமல் ‘ஜக்’ என்று அமுங்கிய ஒரு குத்தாக வெளிப்படும். கையை எடுத்துவிட்டு மீட்டினால் ஒலி முழுதாகத் திறந்துகொள்ளும். ஒரே கம்பியில் பத்து முறை அமுக்கி மீட்டி, பதினோராவது முறை திறந்துவிடும்போது கிட்டார் கிட்டத்தட்ட ஒரு மிருதங்கமாகிவிடுகிறது. மூடிய சொல்லும் திறந்த சொல்லும் மாறி மாறி வருவதுபோல, அமுங்கிய குத்துக்கும் திறந்த ஒலிக்கும் இடையிலான இந்த மாற்றமே த்ராஷ் ரிஃபின் உயிர். வேகம் அதன் மேல் பூச்சு என்றே நான் சொல்வேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் ஒரு நல்ல த்ராஷ் ரிஃப் த்ராஷ் ரிஃபாகவே இருக்கும், இதை ஹேனமனே பின்னர் மெய்ப்பித்தும் காட்டினார்.

லாங் பீச்சிலிருந்து

ஹேனமன் 1964 ஜனவரி 31 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய லாங் பீச்சில் வளர்ந்தார். தந்தை இரண்டாம் உலகப்போரில் நார்மண்டியில் போரிட்டவர், சகோதரர்கள் வியட்நாம் போருக்குச் சென்றவர்கள். அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் போர் அன்றாடப் பேச்சாக இருந்தது என்பதைப் பின்னால் வரும் சர்ச்சைக்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1981இல் கெர்ரி கிங் என்ற கிட்டார் கலைஞரைச் சந்தித்து, அவரோடு சேர்ந்து ஹன்டிங்டன் பார்க்கில் ஸ்லேயர் குழுவைத் தொடங்கினார். சிலியில் பிறந்த டாம் அராயா பேஸ் கிட்டாரையும் குரலையும் ஏற்றார், கியூபாவில் பிறந்த டேவ் லொம்பார்டோ டிரம்ஸ் வாசித்தார். அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் செல்வாக்குடன் இருந்தது, தலைமுடியைச் சிலுப்பி உதட்டுச் சாயம் பூசிய கிளாம் ராக் குழுக்கள். ஸ்லேயரும் தொடக்கத்தில் கண்மை தீட்டிக்கொண்டு மேடையேறிய குழுதான் என்பதை இன்று அவர்களுடைய ரசிகர்கள் நினைவுகூர விரும்புவதில்லை. 1983 டிசம்பரில் வெளிவந்த ‘ஷோ நோ மெர்சி’ என்னும் முதல் இசைத்தட்டைக் கேட்டால் அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட் முதலிய ஆங்கிலேய மெட்டல் குழுக்களின் சாயல் பளிச்சென்று தெரியும். கதை சொல்லும் பாடல்கள், இரட்டைக் கிட்டார்கள் இணைந்து பாடும் இடங்கள், கோட்டையும் பிசாசும் நிறைந்த வரிகள் ஆகிய எல்லாமே கடன் வாங்கியவை.

மாற்றம் வந்தது வேறொரு திசையிலிருந்து. ஹேனமன் ஹார்ட்கோர் பங்க் என்ற இசையில் மூழ்கிப்போனார். பிளாக் ஃபிளாக், டெட் கென்னடீஸ், மைனர் த்ரெட், டி.ஆர்.ஐ. முதலிய குழுக்களின் பாடல்களில் பல ஒரு நிமிடத்திலோ ஒன்றரை நிமிடத்திலோ முடிந்துவிடும். சொல்ல வேண்டியதைச் சொன்னவுடன் நிறுத்திக்கொள்வது அந்த இசையின் இயல்பு. மெட்டல் ரசிகர்களும் பங்க் ரசிகர்களும் ஒருவரையொருவர் ஏளனமாகப் பார்த்த காலம் அது. ஸ்லேயருக்குள் அந்த இசையை விடாப்பிடியாகக் கொண்டுவந்தவர் ஹேனமன்தான். 1980களின் நடுவில் லொம்பார்டோவையும், சூசைடல் டெண்டன்சீஸ் குழுவின் ராக்கி ஜார்ஜையும் சேர்த்துக்கொண்டு பங்க் இசைக்காகவே தனியாக ஒரு குழுவைக்கூட அவர் நடத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. ஆனால் அதற்காக அவர் எழுதிய பாடல்களில் இரண்டு, பத்தாண்டுகளுக்குப் பின் 1996இல் ஸ்லேயரின் பங்க் பாடல் தொகுப்பில் இடம்பெற்றன.

த்ராஷ் மெட்டல் எதனால் ஆனது என்று ஒரு தொடக்க வாசகர் கேட்டால் சுருக்கமான விடை இதுதான்: ஆங்கிலேய மெட்டலின் கனமான, துல்லியமான கிட்டார் வாசிப்பும் அமெரிக்க ஹார்ட்கோர் பங்கின் வேகமும் சிக்கனமும் கலந்தது. மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ், ஸ்லேயர் ஆகிய நான்கையும் இந்த வகையின் ‘பெரிய நால்வர்’ என்பார்கள். மற்ற மூவரிடமும் கலவையில் மெட்டலின் பங்கு தூக்கலாக இருக்க, ஸ்லேயரில் பங்க் இசையின் அளவு கூடியதற்குக் காரணம் பெரும்பாலும் ஹேனமன் என்பது என் கணிப்பு.

29 நிமிடங்கள்

1985இல் வந்த ‘ஹெல் அவெய்ட்ஸ்’ இசைத்தட்டில் பாடல்கள் நீண்டு, ரிஃபுகள் பெருகி, சிக்கலான அமைப்புகள் தோன்றின. அதே வழியில் போயிருந்தால் ஸ்லேயர் மேலும் சிக்கலான ஒரு குழுவாகியிருக்கும். அடுத்த ஆண்டு அவர்கள் செய்ததோ நேர் எதிரானது. ராப் இசைக்குப் பெயர்பெற்ற டெஃப் ஜாம் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த ரிக் ரூபின் தயாரிப்பாளராக வந்தார். முந்தைய இசைத்தட்டுகளின் கிட்டார்கள் குகைக்குள் ஒலிப்பதுபோல் எதிரொலியில் நனைந்திருந்தன. ரூபின் அந்த எதிரொலியை அகற்றிவிட்டார். எதிரொலி இருக்கும்போது வேகமான வாசிப்பில் ஒரு குத்தின் வால் அடுத்த குத்தின் தலையில் மோதிக் குழம்பும். அதை நீக்கியதும் ஒவ்வொரு குத்தும் செவிக்கு அருகில், வறண்டு, தனித்தனியாகக் கேட்டது. நிமிடத்துக்கு 200 தட்டுகளைத் தாண்டும் வேகத்திலும் எதுவும் கலங்காத அந்தத் தெளிவுதான் ‘ரெயின் இன் பிளட்’ இசைத்தட்டைப் பிற வேக இசைத்தட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டியது.

வேகத்துக்கும் தெளிவுக்கும் அப்பால், இந்த இசைத்தட்டில் மூன்றாவதாக நடந்தது ஹேனமனின் சிக்கனம். வழக்கமான மெட்டல் பாடல் ஒரு ரிஃபை நான்கு முறை வாசிக்கும், பாடும், மீண்டும் நான்கு முறை வாசிக்கும், பல்லவிக்குத் திரும்பும், தனி வாசிப்புக்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை நினைவூட்டும். இங்கே பாடல்கள் தேவையான அளவு மட்டுமே திரும்பச் சொல்லிவிட்டு அடுத்த ரிஃபுக்குத் தாவுகின்றன. பத்தில் பெரும்பாலானவை மூன்று நிமிடத்தை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ஹேனமன் பாடல்களை உருவாக்கிய முறையும் இதற்கு உதவியது. வீட்டில் தனியாக உட்கார்ந்து, டிரம் மெஷினைத் தாளத்துக்கு வைத்துக்கொண்டு ரிஃபுகளைப் பதிவுசெய்து, கோத்து, வெட்டிச் சீர்செய்த பிறகே குழுவிடம் கொண்டுவருவார். மேடைத் திறமையைக் காட்டுபவரின் முறையாக இது எனக்குப் படவில்லை, எழுதி எழுதி அடிக்கும் ஓர் எழுத்தாளரின் முறையாகவே படுகிறது.

சுரத்தேர்விலும் அவர் பழைய பாதையை விட்டு விலகினார். புளூஸ் வழிவந்த ராக் இசை பெரும்பாலும் நம்முடைய சுத்த தன்யாசியை ஒத்த ஐந்து சுரங்களைச் சுற்றி இயங்குகிறது. அதனால்தான் அதில் ஒரு வகை இனிமையும் பாடும் தன்மையும் இருக்கின்றன. ஹேனமனின் ரிஃபுகளோ அரைச்சுர இடைவெளிகளில் ஊர்கின்றன. சட்ஜத்தை ஒட்டியே சுத்த ரிஷபம் வரும், பஞ்சமம் வரவேண்டும் என்று செவி எதிர்பார்க்கும் இடத்தில் அதற்கு ஒரு படி கீழே பிரதி மத்திமத்தில் நின்றுவிடும். 72 மேளகர்த்தாக்களில் எதிலும் இரண்டு மத்திமங்கள் சேர்ந்து வருவதில்லை, இவருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை மேற்கத்திய இசை மரபு ‘இசையிலுள்ள பிசாசு’ என்று லத்தீனில் அழைத்தது. 1998இல் ஸ்லேயர் தங்கள் இசைத்தட்டு ஒன்றுக்கு அந்த லத்தீன் பெயரையே வைத்தார்கள். இராக இலக்கணத்தோடு இதை இதற்குமேல் ஒப்பிடுவது பொருந்தாது. இங்கே இராகம் என்ற ஒழுங்கு இல்லை, ஒழுங்கு எப்போது உடையும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே உண்டு. கிட்டாரின் கம்பிகள் அனைத்தையும் வழக்கமான சுருதியைவிட அரைச்சுரம் தாழ்த்தி வைத்துக்கொண்டதும் அந்த இருண்ட நிறத்துக்கு ஒரு காரணம்.

கடைசிப் பாடலான ‘ரெயினிங் பிளட்’ இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்பதற்கு ஏற்றது. இடியும் மழையும் ஒலிக்க, கிட்டார்கள் தொலைவில் ஓலமிட, டிரம்ஸில் மூன்று கனத்த அடிகள் விழுகின்றன. சற்று இடைவெளி விட்டு மீண்டும் மூன்று. பிறகுதான் அந்த ரிஃப் வருகிறது: தடித்த கம்பியில் அமுங்கிய குத்துகள் குதிரைப் பாய்ச்சலாக ஓட, அவற்றின் இடையிடையே மேலே சில சுரங்கள் அரைச்சுர நெருக்கத்தில் ஊர்ந்து போகின்றன. முதலில் இது மிதவேகத்தில்தான் வருகிறது. மெட்டலை அறியாத ஒருவரும் இரண்டாவது முறை கேட்கும்போது இதை வாயால் சொல்லிக் காட்டிவிட முடியும். 2007இல் வெளியான ‘கிட்டார் ஹீரோ 3’ என்ற காணொளி விளையாட்டில் இப்பாடல் இடம்பெற்றதால், கிட்டாரைத் தொட்டுமிராத பிள்ளைகளின் விரல்களும் இதனிடம் தோற்றுத் திணறின.

தனி வாசிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹேனமனும் கிங்கும் மாறி மாறி வாசிக்கும் தனிகள் எந்த இலக்கணத்துக்கும் அடங்காதவை. கிட்டாரின் அதிர்வுக் கம்பை அழுத்தியும் இழுத்தும் அவர்கள் எழுப்பும் கீச்சொலிகளை ‘பூனையைக் கொல்லும் சத்தம்’ என்று கேலி செய்பவர்கள் உண்டு, அந்தக் கேலியில் கொஞ்சம் நியாயமும் உண்டு. மற்றக் குழுக்களில் தனி வாசிப்பு பாடலின் உச்சமாக அமைவது வழக்கம். இங்கே அது ஒரு ரிஃபுக்கும் அடுத்த ரிஃபுக்கும் இடையில் வெடிக்கும் குழப்பம், அவ்வளவே.

வேகத்தைக் குறைத்தபோது

இப்படி ஓர் இசைத்தட்டைச் செய்து முடித்தவர்களுக்கு அடுத்து என்ன என்பது கடினமான கேள்வி. இன்னும் வேகமாக வாசித்து அதை மிஞ்ச முடியாது என்று உணர்ந்த குழு, 1988இல் ‘சவுத் ஆஃப் ஹெவன்’ இசைத்தட்டில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தது. அதன் தலைப்புப் பாடலுக்கு இசையமைத்தவரும் ஹேனமன்தான். ஒற்றைக் கிட்டார் மெதுவாக, ஒவ்வொரு சுரமாக, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் இருட்டில் நடப்பவரைப்போல் நகர்கிறது. வெளிவந்தபோது ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஏமாந்தார்கள். இன்று அது குழுவின் சிறந்த தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. த்ராஷ் என்றால் வேகம் என்று நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியதும் இந்தப் பாடல்தான்.

1990இல் வந்த ‘சீசன்ஸ் இன் தி அபிஸ்’ இரண்டு வேகங்களையும் இணைத்தது. ‘வார் என்செம்பிள்’ பாடலின் பாய்ச்சலுக்கும், எகிப்தின் கீசா பிரமிடுகளின் முன்னே காணொளி எடுக்கப்பட்ட தலைப்புப் பாடலின் நிதானத்துக்கும் இசையமைத்தவர் ஒருவரே என்பதைக் கவனிக்கலாம். என்னைப் பொறுத்தவரை 1986 முதல் 1990 வரையிலான இந்த மூன்று இசைத்தட்டுகளே ஹேனமனின் முழு இசைவாழ்வுக்கும் போதுமான சான்று.

மருத்துவர் மெங்கலேயும் பதக்கங்களும்

‘ரெயின் இன் பிளட்’ இசைத்தட்டின் முதல் பாடலான ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’தின் இசையோடு வரிகளும் ஹேனமனுடையவை. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகள்மீது கொடூரமான சோதனைகளை நடத்திய நாஜி மருத்துவர் ஜோசஃப் மெங்கலேதான் அதன் பொருள். சுற்றுப்பயணத்தின்போது வாங்கிப் படித்த புத்தகங்களிலிருந்து உருவான அந்த வரிகள், சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டியலிடுகின்றன. கண்டிக்கும் சொல் அவற்றில் அரிது. டெஃப் ஜாமின் வழக்கமான விநியோக நிறுவனமான கொலம்பியா இந்த இசைத்தட்டை வெளியிட மறுத்துவிட்டது, கெஃபன் நிறுவனத்தின் வழியாகவே அது கடைகளுக்குப் போனது.

ஹேனமன் நாஜி ஆதரவாளர் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்து பின்னரும் தொடர்ந்தது. போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானியப் பதக்கங்களைத் தந்தையிடமிருந்து பெற்ற ஹேனமன், அத்தகைய பதக்கங்களைச் சேகரிக்கும் வழக்கமுடையவராகவும் இருந்தார். குழு குற்றச்சாட்டை மறுத்தது. சிலியிலும் கியூபாவிலும் பிறந்தவர்கள் பாதியாக உள்ள குழு இது என்பதை ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். மெங்கலே கெட்டவன் என்று பாட்டில் தனியாகச் சொல்ல வேண்டுமா, அதுதான் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே என்பது ஹேனமனின் பதில்.

இந்தப் பதிலை நான் பாதிதான் ஏற்றுக்கொள்கிறேன். அவருடைய இசையையும் வரிகளையும் இயக்குவது ஒரே குணம்: விளக்கம் சேர்க்க மறுப்பது. காந்தாரமில்லாத பவர் கார்டு எப்படி மகிழ்ச்சியா சோகமா என்று சொல்வதில்லையோ, அப்படியே இந்த வரிகளும் நல்லதா கெட்டதா என்று சொல்வதில்லை. அராயா அவற்றை அலறும்போது எழும் அருவருப்பு, ஒரு கண்டன வரியால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் கூடுதலானது. ஆனால் இசையில் குற்றமற்ற இந்த மௌனம் சொற்களுக்கு வரும்போது அவ்வளவு குற்றமற்றதாக இருப்பதில்லை. ரசிகர் மன்றத்தின் பெயரில் நாஜிக் காலத்து ஜெர்மானியப் படையின் பெயரான ‘வேர்மாக்ட்’டைச் சேர்த்துக்கொண்ட குழு, தன்னைத் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று முழுமையாகக் குறைப்பட்டுக்கொள்ள முடியாது. அதிர்ச்சி விற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிற்காலம்

1990களின் நடுப்பகுதி த்ராஷ் குழுக்கள் எல்லாவற்றுக்குமே சோர்வான காலம். பெரும்பகுதி ஹேனமன் எழுதிய 1998ஆம் ஆண்டு இசைத்தட்டு, அக்காலத்தின் புதிய மெட்டல் பாணியை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்து, பழைய ரசிகர்களையும் புதிய பாணியின் ரசிகர்களையும் நிறைவுசெய்யாமல் போனது. மீட்சி 2006இல் வந்த ‘கிரைஸ்ட் இல்யூஷன்’ இசைத்தட்டோடு வந்தது. விலகியிருந்த லொம்பார்டோ அதில் மீண்டும் வாசித்தார். அதிலுள்ள ‘ஐஸ் ஆஃப் தி இன்சேன்’ பாடல் 2007இலும், அதன் மறுபதிப்பில் சேர்க்கப்பட்ட ‘ஃபைனல் சிக்ஸ்’ பாடல் 2008இலும் சிறந்த மெட்டல் பாடலுக்கான கிராமி விருதைப் பெற்றன. இரண்டுக்கும் இசை ஹேனமனுடையது. முதலாவது, போர்முனையிலிருந்து மனம் சிதைந்து திரும்பும் படைவீரனைப் பற்றியது என்பதில் லாங் பீச் வீட்டின் சாப்பாட்டு மேசையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2011இன் தொடக்கத்தில் அவருடைய கையில் திசுக்களை அழிக்கும் கடுமையான தொற்று ஏற்பட்டது. சிலந்திக் கடியால் வந்திருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. பலமுறை அறுவை சிகிச்சை நடந்தது. கிட்டார் வாசிக்கும் கை மீண்டும் பழைய நிலைக்கு வரவில்லை. அவருடைய இடத்தில் எக்ஸோடஸ் குழுவின் கேரி ஹோல்ட் வாசிக்கத் தொடங்கினார், இடையில் சில நிகழ்ச்சிகளுக்குக் கேனிபல் கார்ப்ஸ் என்ற டெத் மெட்டல் குழுவின் பேட் ஓ’பிரையன் வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 23 அன்று கலிஃபோர்னியாவின் இண்டியோவில் பெரிய நால்வரும் ஒரே மேடையில் பங்கேற்ற நிகழ்ச்சியின் இறுதியில் ஹேனமன் மேடையேறி, ‘சவுத் ஆஃப் ஹெவன்’, ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ என்ற இரண்டு பாடல்களை மட்டும் வாசித்தார். அதுவே அவருடைய கடைசி மேடை. 2013 மே 2 அன்று தமது 49ஆம் வயதில் இறந்தார். நீண்டகால மதுப்பழக்கத்தால் வந்த கல்லீரல் சுருக்கமே காரணம் என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. ஒரு பீர் நிறுவனத்தின் முத்திரையைப்போலவே தம் பெயரை எழுதிய பச்சைக் கிட்டார் ஒன்றை அவர் மேடையில் வாசிப்பது வழக்கம். அது ரசிகர்களுக்கு வேடிக்கையாக இருந்த காலம் உண்டு, இப்போது அந்தப் படங்களைப் பார்க்கும்போது சிரிக்க முடிவதில்லை.

எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது

ஹேனமனின் தாக்கம் முதலில் தெரிவது டெத் மெட்டல் என்ற வகையில். 1980களின் இறுதியில் ஃபுளோரிடாவைச் சுற்றி வளர்ந்த அந்த இசை, ஸ்லேயரின் அரைச்சுர ரிஃபுகளையும் இரண்டு கால்களாலும் உருட்டும் டிரம்ஸையும் தொடக்கப்புள்ளியாக எடுத்துக்கொண்டு, குரலை உறுமலாக்கி, சுருதியை மேலும் தாழ்த்தியது. அவருக்குப் பதிலாக மேடையேறியவர்களில் ஒருவர் அந்த வகையிலிருந்தே வந்தவர் என்பது தற்செயல் அன்று. பிரேசிலின் செபுல்துரா, ஜெர்மனியின் கிரியேட்டர் முதலிய குழுக்களின் ஆரம்ப இசைத்தட்டுகளிலும் இந்தக் கையெழுத்தைக் காணலாம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஊர்களுக்கு இந்த இசை எளிதாகப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், நான் முன்பு சொன்னதுபோல, பாட்டு குரலில் இல்லாமல் கிட்டாரில் இருப்பதுதான்.

மெட்டலுக்கு வெளியே நடந்தது இன்னும் சுவையானது. டெஃப் ஜாம் நிறுவனத்தின் மற்றொரு குழுவான பப்ளிக் எனிமி, 1988இல் ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ பாடலின் நடுவே வரும் நிதானமான ரிஃபை அப்படியே வெட்டி எடுத்துத் தங்கள் ராப் பாடல் ஒன்றுக்கு அடித்தளமாக வைத்தார்கள். சுற்றியிருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்ட பிறகும் அந்தச் சில நொடிகள் தனியே நின்றன. டோரி ஏமோஸ் என்ற பாடகி 2001இல் ‘ரெயினிங் பிளட்’ பாடலைப் பியானோவில், மிக மெதுவாக, தாலாட்டும் ஒப்பாரியும் கலந்ததுபோலப் பாடினார். டிஸ்டார்ஷனும் வேகமும் போன பிறகும் அதில் அச்சம் மிச்சமிருந்தது. ரசிகர்களில் பலர் அதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். ஹேனமனின் எழுத்து எவ்வளவு உறுதியானது என்பதற்கு அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2015இல் வெளிவந்த ஸ்லேயர் இசைத்தட்டில் அவர் எழுதிவைத்துவிட்டுப் போன ‘பியானோ வயர்’ என்ற ஒரு பாடல் இடம்பெற்றது. மற்றவற்றுக்கு இசையமைத்தவர் கெர்ரி கிங். கொஞ்சம் பழகிய செவி அந்த ஒன்றைத் தனியாக அடையாளம் கண்டுகொள்ளும்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் ‘சவுத் ஆஃப் ஹெவன்’ பாடலில் தொடங்கி, ‘சீசன்ஸ் இன் தி அபிஸ்’ தலைப்புப் பாடலுக்குப் போய், வலக்கையின் அமுக்கலும் திறப்பும் செவிக்குப் பிடிபட்ட பிறகு ‘ரெயின் இன் பிளட்’ இசைத்தட்டை இடைவெளியின்றி முழுதாகக் கேட்பது நல்லது. அதன் இறுதியில் கிட்டார்களும் டிரம்ஸும் உச்சத்தில் நொறுங்கி அடங்க, மழை மட்டும் தனியே பெய்துகொண்டிருக்கும். இசைத்தட்டு அவ்வளவு சிறியதாக இருந்ததால் ஒலிநாடாப் பதிப்பில் முழு இசைத்தட்டையும் இரண்டு பக்கங்களிலும் பதிந்திருந்தார்கள். மழை ஓய்ந்ததும் நாடாவைத் திருப்பிப் போட்டவருக்கு, மறுபக்கத்தில் ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது.